மாரியும் வீட்டு ஈரலிப்பும்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் குளிர்சாதனப் பெட்டியும் ஏசியும் திருத்துவது என் தொழில். ஐப்பசி மழை தொடங்கிப் பத்து நாள் ஆவதற்குள் எனக்கு வரும் அழைப்புகள் மாறிவிடும். இயந்திரத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். "அண்ணை, சுவர் வேர்க்குது", "தம்பி, அலுமாரிக்குள்ள எல்லாம் பூஞ்சணம்", "ஏசி பூட்டினால் இது போகுமோ?" என்றுதான் கேட்பார்கள். பாதிப் பேருக்கு ஏசி தேவையே இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி என் வியாபாரத்தை நானே கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம். வழக்கமாக வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வன்னி வறண்ட வலயம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? பிறகு ஏன் வீட்டுக்குள் இவ்வளவு ஈரலிப்பு?

வறண்ட வலயம் என்பது மழையின் கணக்கு. காற்றின் கணக்கு வேறு. நமக்கு ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நாட்களில் வாடைக்காற்று வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து முல்லைத்தீவுக் கரையில் ஏறுகிறது. உள்ளே வந்தால் நிரம்பிய குளங்களும் நீர் நிற்கும் வயல்களும்தான். காற்று எங்கே காய்வது?

இன்னொன்றும் இருக்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 25 பாகையில் 23 கிராம்தான் தாங்கும். பகலில் 24 கிராம் நீராவியோடு 30 பாகையில் இருக்கும் காற்றின் ஈரப்பதன், அதாவது தாங்கக்கூடியதில் நிரம்பியிருக்கும் பங்கு, 80 சதவீதம். அதே காற்று இரவில் 26 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் நூறு சதவீதம் ஆகி, மிச்ச நீரைக் கண்ட இடத்தில் இறக்கி வைக்கும். காற்றில் நீர் கூடவில்லை, குளிர்ச்சிதான் கூடியது. கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கணக்கில்தான் நிற்கிறது.

என் வீட்டில் ஈரப்பதன் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது?

சிறிய இலக்க ஈரப்பதமானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் மலிவானவை ஐந்து, பத்து சதவீதம் பொய் சொல்லும். சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். போத்தல் மூடி ஒன்றில் தூள் உப்பை நிரப்பி, சில துளி நீர் விட்டுச் சேறு போலக் குழையுங்கள். உப்பு முழுவதும் கரையக் கூடாது. அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, ஒரு இரவு விடுங்கள். காலையில் கருவி 75 காட்ட வேண்டும். 81 காட்டினால் உங்கள் கருவி 6 கூட்டிச் சொல்கிறது என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கருவியே வேண்டாம் என்றால் குசினியில் ஒரு ஈரப்பதமானி ஏற்கனவே இருக்கிறது. சுத்தமான உப்பு 75 சதவீதத்துக்கு மேல் போனால்தான் நீர்விடத் தொடங்கும். திறந்து வைத்த தூள் உப்பு கட்டிபட்டுக் கசிகிறது என்றால் உங்கள் குசினி 75ஐத் தாண்டி நிற்கிறது. ஆனையிறவுப் பக்கத்துக் கறியுப்பை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அந்தக் கல்லுப்பில் மக்னீசியம் சேர்ந்திருக்கும், அது அதற்கு முன்னமே வேர்த்துவிடும்.

எவ்வளவு இருந்தால் நல்லது?

40க்கும் 60க்கும் இடையில் என்று புத்தகங்கள் சொல்லும். மார்கழியில் யன்னல் திறந்த வன்னி வீட்டில் அது நடக்காது. 70க்குக் கீழே பெரும்பாலான நேரம் நின்றால் நான் திருப்திப்படுவேன். சுவரோ துணியோ தொடர்ந்து 80க்கு மேல் கிடந்தால் பூஞ்சணம் வேலையைத் தொடங்கிவிடும்.

யன்னலைத் திறப்பதா, பூட்டுவதா?

இந்த ஒரு கேள்விக்காகக் குடும்பங்களில் சண்டை நடக்கிறது. மாமியார் திறப்பார், மருமகள் பூட்டுவார். இரண்டு பேரும் பாதி சரி.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் நாலு மணி வரை எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். எதிரெதிர் யன்னல்களைத் திறந்தால்தான் காற்று ஓடும், ஒன்றை மட்டும் திறந்து பயனில்லை. அந்த நேரம் வெளிக்காற்று சூடாக இருக்கும், ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்கும். பொழுது பட்டபின் வாடைப் பக்க யன்னல்களைச் சாத்துங்கள். தூறல் அடிக்கும்போது எந்த நேரமானாலும் சாத்துங்கள்.

ஆனால் முழு வீட்டையும் நாள் கணக்காகப் பூட்டி வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கொழும்பில் பிள்ளையோடு இரண்டு மாதம் நின்றுவிட்டு வந்து கதவைத் திறந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். செருப்பு வார் முதல் சாமிப்பட விளிம்பு வரை பச்சை பூத்திருக்கும்.

வீட்டுக்குள் நாங்களே ஈரம் உண்டாக்குகிறோம் என்கிறார்களே, எப்படி?

இதைத்தான் எல்லோரும் கடைசியாக நம்புகிறார்கள். நானோ இங்கேயிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

சமையல் எரிவாயு ஒரு கிலோ எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கு மேல் நீர் ஆவியாக வெளிவரும். அது இரசாயனக் கணக்கு, சட்டியில் கொதிக்கும் நீர் வேறு. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 20 லீற்றர் நீர் உங்கள் குசினிக் காற்றில் கலந்திருக்கும். பழைய விறகடுப்பிலும் நீராவி வந்தது, ஆனால் புகைக்கூட்டால் வெளியே போனது. இப்போது காஸ் அடுப்பு வந்ததும் புகை இல்லையே என்று புகைக்கூட்டை அடைத்துவிடுகிறார்கள். அடைக்காதீர்கள். அடைத்திருந்தால் அதே துவாரத்தில் காற்றை வெளியே தள்ளும் சின்ன விசிறி ஒன்றைப் பூட்டுங்கள்.

அடுத்தது உடுப்பு. மழை நாளில் ஒரு குடும்பத்துத் துணியைக் கையால் பிழிந்து நடு அறையில் கொடி கட்டிப் போட்டால் இரண்டு, மூன்று லீற்றர் நீர் அறைக்குள் வரும். நம்பாவிட்டால் பிழிந்த துணியையும் காய்ந்த துணியையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். கொடியை விறாந்தைக்கு மாற்றுங்கள். விறாந்தை இல்லாவிட்டால் பின்பக்கத்தில் இரண்டு தகரம் போட்டு ஒரு பத்தி இறக்குங்கள். பாடசாலைச் சீருடை விடியக் காய்ந்தே ஆக வேண்டும் என்ற அவசரம் எனக்கும் தெரியும். அதை மட்டும் உள்ளே விசிறிக்குக் கீழே போட்டு, அந்த அறையின் யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள்.

நித்திரையில் இருக்கும் நாலு பேர் மூச்சாலும் வேர்வையாலும் விடிவதற்குள் ஒரு லீற்றர் அளவு விடுவார்கள். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மூச்சு விட வேண்டாம் என்று சொல்லவா முடியும்?

சுவரில் ஈரம். நிலத்தால் ஏறுகிறதா, காற்றிலிருந்து படிகிறதா?

ஒரு முழம் சதுரத்தில் பொலித்தீன் வெட்டி, நாலு ஓரமும் இடைவெளி இல்லாமல் ரேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். பொலித்தீனின் மேல் நீர் முத்து நின்றால் அது காற்றின் ஈரம். பொலித்தீனுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நிலத்துக்கும் இதே சோதனைதான்.

நிலத்தால் ஏறும் ஈரத்துக்கு வேறு அடையாளமும் உண்டு. தரையிலிருந்து இடுப்பளவு வரை அலையடித்த கோடு போல் ஒரு கறை, அதன் மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், விரலால் தட்டினால் பூச்சு பொருபொருவென்று உதிரும். போருக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டிய சீமெந்துக்கல் வீடுகளில் இதை நிறையப் பார்க்கிறேன். அத்திவாரத்துக்கு மேல் ஈரத்தடுப்புப் படை போடாமல் கல்லை அடுக்கியிருப்பார்கள். கட்டிய பின் அதைச் சேர்ப்பது பெரிய செலவு. ஆனால் பாதி குறைக்கலாம். சுவரோரம் முற்றத்து மண் ஏறி நின்றால் வெட்டி இறக்குங்கள். கூரை நீர் சுவரடியில் விழாதபடி பீலி போடுங்கள், அல்லது விழும் இடத்தில் சரிவாகச் சீமெந்து இட்டு நீரை வெளியே ஓட்டுங்கள். வாடைப் பக்கச் சுவருக்குத் தாழ்வாரம் குட்டையாக இருந்தால் கிடுகால் ஒரு பத்தி நீட்டினாலே அடுத்த மாரியில் வித்தியாசம் தெரியும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஈரச் சுவரின் மேல் பளபளக்கும் எண்ணெய்ப் பெயின்ற் அடிப்பது. ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, ஒரு வருடத்தில் பெயின்ற் பப்படம் போல் உப்பி எழும்பும். ஈரச் சுவருக்குச் சுண்ணாம்புதான் நல்லது. அது மூச்சு விடும், பூஞ்சணத்துக்கும் பிடிக்காது.

அலுமாரிக்குள் மட்டும் ஏன் பூஞ்சணம்?

மாங்குளத்துக்கு அப்பால் ஒரு வீட்டுக்குக் குளிர்சாதனப் பெட்டி பார்க்கப் போயிருந்தேன். போன இடத்தில் அந்த அம்மா அலுமாரியைத் திறந்து காட்டினா. கூறைச் சேலையின் மடிப்பெல்லாம் சாம்பல் புள்ளி. அதற்கும் அடியில் பொலித்தீன் பைக்குள் காணி உறுதி. எத்தனையோ இடப்பெயர்வில் மடியில் கட்டிக்கொண்டு காப்பாற்றி வந்த கடதாசி, சொந்த வீட்டு அலுமாரியில் பையோடு ஒட்டிக்கிடந்தது. நானும் மகனுமாக அலுமாரியை இழுத்தோம். பின்னால் சுவரில் அலுமாரியின் அளவுக்கே கறுப்பாக ஒரு சதுரம். கை வைத்தேன், ஈரம் ஒட்டியது. அது வாடைப் பக்கத்து வெளிச்சுவர்.

வெளிச்சுவர் குளிர்ந்திருக்கும். அதோடு ஒட்டிய அலுமாரிக்குப் பின்னால் காற்று ஓடாது. ஈரம் படிய வேறென்ன வேண்டும்? அலுமாரியை உட்சுவருக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். காலுக்குக் கீழே கல் வையுங்கள். உடுப்பைத் திணிக்காதீர்கள். வெயில் நாளில் கதவைத் திறந்துவிட்டு விசிறியைத் திருப்பி வையுங்கள்.

உறுதி, பிறப்புச் சான்றிதழ், பழைய படங்கள் போன்றவற்றை வெறும் பொலித்தீனில் சுற்றினால் சுற்றும்போது உள்ளே இருந்த ஈரம் அங்கேயே அடைபடும். பங்குனி, சித்திரையில் நன்றாகக் காய்ந்த ஒரு நண்பகலில் காற்றாட வைத்து, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் போட்டு மூடுங்கள். அந்த அம்மாவின் உறுதியில் எழுத்து தப்பியது, முத்திரைதான் கொஞ்சம் கலங்கியது.

மழையே இல்லை. விடிய நாலு மணிக்குத் தகரக் கூரையிலிருந்து நீர் சொட்டுகிறது. ஓட்டையா?

ஓட்டை இல்லை. "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்பார்களே, தகரம் போட்ட வீட்டில் அதைக் கண்ணால் பார்க்கலாம். முகில் இல்லாத இரவில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை விட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன் அடிப்பக்கத்தில் உங்கள் மூச்சின் ஈரம் படிந்து சொட்டும். ஓடு கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சும், இடுக்குகளால் காற்றும் போகும். அதனால் அங்கே இவ்வளவு தெரியாது. தகரத்துக்குக் கீழே சீலிங் அடித்து, அதற்கு மேல் உள்ள வெளியில் காற்றோட விடுவதே மருந்து. அதற்கு வசதி இல்லாதபோது, முகட்டோரமும் தாழ்வாரத்தோரமும் இடைவெளி இருந்தாலே சொட்டுவது குறையும். வௌவால் வரும் என்றால் வலை அடியுங்கள்.

விசிறி ஈரப்பதனைக் குறைக்குமா?

குறைக்காது. வேர்வையைக் காயவைத்து உங்களுக்குச் சுகம் தரும், சுவரையும் துணியையும் காயவைக்கும். 75 வாட்டுக்குள் இது பெரிய காரியம்தான்.

தண்ணீர் ஊற்றும் எயார் கூலர்?

மாரியில் அதைப் போடுவது மழைக்குள் நின்று முகம் கழுவுவது போல. சோளகம் வீசும் ஆடி, ஆவணி நண்பகலில் யன்னலைத் திறந்து வைத்துப் பாவித்தால் ஓரளவு பயன் உண்டு.

ஏசி பூட்டினால் ஈரலிப்பு போய்விடுமா?

போகலாம், கூடவும் செய்யலாம். வெளியே குழாயால் சொட்டும் நீர் உங்கள் அறைக் காற்றிலிருந்து பிடித்ததுதான், ஆகவே ஏசி ஈரத்தை எடுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பிழை நடப்பது மூன்று இடத்தில்.

முதலாவது அளவு. பத்துக்குப் பத்து அடி அறைக்கு 9,000 பீரீயூ (ஏசியின் குளிரூட்டும் திறனை அளக்கும் அலகு, BTU) போதும். "பெரிசாகப் போட்டால் கெதியாகக் குளிரும்" என்று 18,000 வாங்குகிறார்கள். கெதியாகக் குளிரும்தான், குளிர்ந்ததும் நின்றுவிடும். ஈரம் பிடிக்க நேரம் கிடைக்காது. கடைசியில் அறை குளிர்ந்த குகை போல, படுக்கை விரிப்பு பிசுபிசுவென்று இருக்கும். சின்ன இயந்திரம் நீண்ட நேரம் ஓடுவதுதான் ஈரத்துக்கு நல்லது.

இரண்டாவது, 18 பாகையில் வைப்பது. வெளியே மாரிக்காற்று 24 பாகையிலேயே நீர்விடும் நிலையில் இருக்கிறது. 18இல் குளிர்ந்த சுவரும் கட்டிலும் அலுமாரியும் கொண்ட அறையின் கதவை விடியத் திறந்தால், ஐஸ் போட்ட கிளாசின் வெளிப்புறம் போல் எல்லாம் வேர்க்கும். கரண்ட் போய் யன்னலைத் திறந்தாலும் இதே கதைதான். 25, 26இல் வையுங்கள். அதில் குளிர் போதும், பிசுபிசுப்பு மட்டும் போகவில்லை என்றால் ரிமோட்டில் நீர்த்துளி அடையாளம் போட்ட ட்ரை முறைக்கு மாற்றுங்கள். விசிறி மெதுவாகச் சுற்றுவதால் குழாய்ச்சுருள் நன்றாகக் குளிர்ந்து நீரைக் கூடப் பிடிக்கும்.

மூன்றாவது ஓட்டைகள். யன்னலுக்கு மேல் காற்றுக்காக விட்ட துவாரங்களை அடைக்காமல் ஏசி பூட்டிய வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அது அறையை அல்ல, வளவைக் குளிரூட்டுகிறது. ஏசி அறையின் துவாரங்களை அடையுங்கள், மற்ற அறைகளின் துவாரங்களை விட்டுவிடுங்கள்.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாங்கலாமா?

ஒரு அறைக்கு, அதுவும் பூட்டிய அறைக்கு என்றால் வாங்கலாம். 550 சதுர அடி வீட்டுத்திட்ட வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாரியில் அதன் முழுக் காற்றிலும் இருக்கும் நீர் நாலு லீற்றருக்குள்தான். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் யன்னல் திறந்திருந்தால் அந்தக் காற்று ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை மாறிவிடும், இயந்திரம் முழு வன்னியையும் காயவைக்கப் பாடுபடும்.

பெட்டியில் "ஒரு நாளைக்கு 12 லீற்றர்" என்று போட்டிருப்பது பெரும்பாலும் 30 பாகை, 80 சதவீதத்தில் அளந்த கணக்கு. அறை காயக் காய அது பிடிக்கும் அளவும் குறையும், பழுது என்று நினைத்து என்னைக் கூப்பிட வேண்டாம். 250 வாட் இயந்திரம் எட்டு மணி நேரம் ஓடினால் 2 யூனிற். இன்னொன்று, இது அறையைச் சூடாக்கும். மார்கழிக் குளிரில் அது இதமாக இருக்கும், சித்திரையில் தாங்காது.

கரி, அரிசி, கடையில் விற்கும் டப்பா?

கரி மணத்தை வாங்கும், ஈரத்துக்குப் பெரிதாக உதவாது. வறுத்த அரிசி உப்புப் போத்தலுக்குச் சரி, அலுமாரிக்குப் போதாது. கடை டப்பாவில் இருப்பது கல்சியம் குளோரைட். அது ஈரத்தை நன்றாக இழுத்துத் தானே நீராகிவிடும். அந்த நீர் துணியில் ஊற்றினால் காயாது, இரும்பில் பட்டால் துருதான், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். அறைக்கு அல்ல, மூடிய அலுமாரிக்குத்தான் அது. சிலிக்கா ஜெல்லை மீண்டும் மீண்டும் பாவிக்கலாம். நிறம் மாறியதும் பழைய தாச்சியில் மெல்லிய நெருப்பில் நிறம் திரும்பும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். அந்தத் தாச்சியில் பிறகு சமைக்காதீர்கள்.

பூஞ்சணத்தை எப்படித் துடைப்பது? வீட்டில் தொய்வுக்காரர் இருக்கிறார்.

காய்ந்த துணியாலோ தும்புத்தடியாலோ தட்டாதீர்கள், வித்து வீடு முழுக்கப் பறக்கும். தொய்வு உள்ளவர் அந்த நேரம் வீட்டில் நிற்கவே வேண்டாம். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, சவர்க்கார நீரில் நனைத்த துணியால் துடைத்து, அன்றே காயவையுங்கள். தரை ஓடு போன்ற வழுவழுப்பான இடத்தில் பிளீச் பாவிக்கலாம். ஆனால் அதோடு வினாகிரியோ கழிவறை கழுவும் அமிலமோ கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும். மெத்தைக்குள் பூஞ்சணம் இறங்கியிருந்தால் ஆசைப்படாமல் எறிந்துவிடுங்கள்.

நெல்லும் கச்சானும் வீட்டுக்குள்தான் இருக்கிறது. என்ன செய்வது?

நெல்லின் ஈரம் 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் மூட்டை கட்டலாம், விதைநெல்லுக்கு இன்னும் ஒன்று குறைவாக. ஆனால் நன்றாகக் காய்ந்த நெல்லும் 85, 90 சதவீதக் காற்றில் கிடந்தால் மெல்ல மெல்ல ஈரத்தைத் திருப்பி வாங்கும். காலபோகத்து நெல்லைக் காயவைத்து வைத்தவர்கள் அடுத்த மாரியில் அந்து பறப்பதைப் பார்த்திருப்பார்கள். மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். பலகை அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். விதைக்கு என்றால் காற்றுப் புகாத தடித்த பை நல்லது, பூச்சியும் மூச்சுத்திணறிச் சாகும்.

கச்சானில் மட்டும் விளையாடாதீர்கள். பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்லாடொக்சின் என்ற நஞ்சு ஊறலாம், அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் எறியுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

வெள்ளம் வந்து போன வீட்டை எப்படிக் காயவைப்பது?

2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் நீரில் நின்றபோது பலர் செய்த பிழை, சேறு காயட்டும் என்று விட்டது. நனைந்த துணியிலும் மரத்திலும் ஒன்று, இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவித் தள்ளுங்கள். மின் இணைப்பை ஒருவர் பரிசோதித்த பிறகே விசிறி போடுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் இயக்காதீர்கள், அதன் புகை சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும். சுவர் காயக் கிழமைக் கணக்கு அல்ல, மாதக் கணக்கு ஆகும். புத்தாண்டு வருகிறதே என்று பெயின்ற் அடிக்க அவசரப்படாதீர்கள்.

அம்மம்மாவின் மண் வீட்டில் இந்தத் தொல்லை இருக்கவில்லையே?

களிமண் சுவர் ஈரம் கூடும்போது வாங்கிக்கொண்டு, குறையும்போது திருப்பிக் கொடுக்கும். சுவருக்கும் ஓலைக்கூரைக்கும் நடுவில் காற்றோட இடைவெளி இருந்தது. அடுப்புச் சூடு முகடு வரை போனது. ஆனால் கறையானும் இருந்தது, இரண்டு, மூன்று வருடத்துக்கொரு தடவை கூரை வேய்வதும் இருந்தது. அம்மம்மாவைக் கேட்டால் அவ சீமெந்து வீட்டைத்தான் கேட்பா.

இந்தத் திருத்த வேலைகளை எப்போது செய்வது நல்லது?

வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில். சோளகம் சுவரை இலவசமாகக் காயவைத்துத் தரும், பூச்சும் சுண்ணாம்பும் பிடிக்கும். ஆவணி கழிந்தால் மேசன்மார் பாதிப்பேர் வயலுக்கு இறங்கிவிடுவார்கள். பிறகு கார்த்திகையில் சுவர் வேர்க்குது என்று எனக்குத்தான் அழைப்பு வரும்.